பழைய சைக்கிளுக்குக் கப்பு, ரேஸ் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளத்தூர் வீட்டின் இரண்டாம் கட்டில் முப்பது வருடமாகச் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த எங்கள் ஐயாவின் ராலி சைக்கிளை நான் எடுத்து ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து, சுற்று வட்டாரத்தில் பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லாம் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். கேட்பதில் பாதி ஹேண்டில்பார் ஆட்டம் பற்றித்தான். திரும்பத் திரும்ப அதையே சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த ஒரு வேலையில் செய்யக்கூடிய தப்பு எல்லாவற்றையும் ஒரு முறையாவது செய்து பார்த்தவன்.

ஹெட்செட் என்றால் எது? கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

ஃபிரேமின் முன்னால் நிற்கிற குட்டைக் குழாய்க்குள், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தண்டு போகிறதே, அது திரும்புவதற்காக மேலே ஒன்று கீழே ஒன்று என்று இருக்கும் பேரிங்தான் ஹெட்செட். குழாயின் இரண்டு வாயிலும் அடித்து இறக்கியிருக்கும் இரண்டு கப்பு, ஃபோர்க்கின் தோளில் (இரண்டு காலும் தண்டோடு சேரும் இடம்) உட்காரும் அடி ரேஸ் (ரேஸ் என்றால் குண்டு ஓடும் வளையம்), மேலே மரையில் திருகி இறங்கும் திருகு ரேஸ், அதற்கு மேல் ஒரு நாக்கு வைத்த வாஷர், கடைசியில் லாக் நட்டு, நடுவில் இரண்டு வரிசை குண்டு. அவ்வளவுதான். கடையில் ஃபோர்க் கப்பு செட் என்று சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. அதை நான்காவது கேள்வியில் சொல்கிறேன்.

மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும்?

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் 'டக் டக்' என்று அடிக்கும். இதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கம்பியால் இழுக்கும் நம்மூர் ராடு பிரேக் வண்டியில் இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் பிரேக் கட்டைகளே ரிம்மின் உள்பக்கம் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் ஒரு விரலைக் கீழ்க் கப்புக்கும் ஃபோர்க் தோளுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் வைத்துக்கொண்டு அசையுங்கள். ஆட்டம் விரலில் தெரிந்தால் ஹெட்செட், தெரியாவிட்டால் பிரேக்.

இரண்டாவது சோதனை: முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்தது போல நின்று நின்று போனால் ரேஸில் குண்டுகள் பொட்டுப் பொட்டாகக் குழி பறித்திருக்கின்றன என்று அர்த்தம். வாழ்நாளில் முக்கால் பங்கு வண்டி நேராகத்தான் போகிறது, ரோட்டின் அடி எல்லாம் அதே குண்டு வழியாக அதே இடத்தில் இறங்குகிறது. அதனால்தான் கீழ் வரிசை எப்போதும் முதலில் போகும். மேல் வரிசை நாற்பது வருடம் கழித்துத் திறந்தாலும் பல வண்டிகளில் கண்ணாடி மாதிரி இருக்கும்.

முழு செட்டையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மேலே சொன்ன காரணத்தால் நிறையப் பேருக்குக் கீழ்க் கப்பும் அடி ரேஸும் குண்டும் மட்டுமே தேவைப்படும். குண்டு மட்டும் எப்படியும் புதுசு போடுங்கள், விலையே இல்லாத சாமான் அது. மேலே இருக்கும் திருகு ரேஸ், லாக் நட்டு இரண்டும் நன்றாக இருந்தால் தொடாதீர்கள். பளபளவென்று பெட்டியில் வருகிறதே என்று ஆசைப்பட்டுப் பழசைத் தூக்கிப் போட்டவர்கள் பிறகு என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. குழி லேசாகத்தான் விழுந்திருக்கிறது, குண்டுகள் கூண்டில் கோத்தவை என்றால், கூண்டை எடுத்துவிட்டு அதே அளவுள்ள குண்டுகளை உதிரியாக நிரப்புங்கள். கூண்டு இருந்த இடத்தில் கூடுதலாக இரண்டு மூன்று குண்டு பிடிக்கும், எண்ணிக்கை மாறியதும் பழைய குழிகளில் எல்லாக் குண்டும் ஒரே நேரத்தில் விழ முடியாது. திரும்புவது உடனே மிருதுவாகிவிடும். நிரந்தர வைத்தியம் இல்லைதான், ஆனால் வாரம் ஒரு நாள் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டுகிற வண்டிக்கு இது போதும்.

புது நட்டு இரண்டு சுற்று திருகுகிறது, அப்புறம் இறுகி நிற்கிறது. கொஞ்சம் பலம் போட்டுத் திருகலாமா?

கூடாது, கூடாது, கூடாது. நான் ஐயாவின் வண்டியில் செய்த தப்பே இதுதான். இரண்டு சுற்று போனது, மூன்றாவதில் இறுகியது, துருவாக இருக்கும் என்று நினைத்து ஸ்பானரை நீட்டிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன். மரை சுருள் சுருளாக வெளியே வந்தது.

விஷயம் இதுதான். பெரும்பாலான பழைய சைக்கிள்களில் ஃபோர்க் தண்டு ஒரு அங்குலம், மரை அங்குலத்துக்கு 24. இங்கிலாந்தில் நாட்டிங்காம் தொழிற்சாலையில் ராலி கம்பெனி தன் வண்டிகளுக்குத் தனியாக அங்குலத்துக்கு 26 மரை போட்டு வந்தது. பழைய பிரெஞ்சு வண்டி என்றால் தண்டே 25 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர், ஆனால் அது நம் பக்கம் வருவது அபூர்வம். 24 மரையில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.058 மில்லிமீட்டர், 26 மரையில் 0.977. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பத்து மரை தாண்டுவதற்குள் 0.8 மில்லிமீட்டர் விலகிவிடும், அதாவது கிட்டத்தட்ட ஒரு மரையே தள்ளிப்போகும். முதல் இரண்டு சுற்றில் தொளதொளப்பு அதை விழுங்கிவிடுவதால் நட்டு ஏறுவது போலத் தெரிகிறது. பிறகு ஒன்றை ஒன்று வெட்ட ஆரம்பிக்கிறது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் மரையை எண்ணுங்கள். தண்டின் மரை மேல் பழைய இரும்பு ஸ்கேலை வைத்து, அரை அங்குலத்தில் 12 வந்தால் 24 மரை, 13 வந்தால் 26 மரை. கண் சரியில்லாதவர்கள் ஒரு வெள்ளைத் தாளை மரை மேல் வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தால் தாளில் கோடு கோடாகப் பதியும், அதைச் சாவகாசமாக எண்ணலாம். லேத் பட்டறையில் மரை கேஜ் இருக்கும், வைத்துப் பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது, காசும் வாங்க மாட்டார்கள். சரியான நட்டு கையாலேயே அடிவரை இறங்கும். இறங்காவிட்டால் அது உங்கள் வண்டியின் நட்டு இல்லை.

என் வண்டியில் ராலி என்று போடவில்லை, ஹெர்குலிஸ்தான். அப்படியானால் 24 தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஹெர்குலிஸ் முதலில் பர்மிங்காம் கம்பெனி, ராலிக்குப் போட்டி. 1960ல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி ராலியை வாங்கித் தன்னிடமிருந்த ஹெர்குலிஸ், பிலிப்ஸ் சைக்கிள் கம்பெனிகளோடு ஒன்றாக்கியது. அதற்குப் பிறகு நாட்டிங்காமில் செய்த வண்டிகளில் மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே ராலி மரை இருக்கலாம். ஹம்பரை ராலி 1932லும், ரட்ஜை 1943லும், பி.எஸ்.ஏ. சைக்கிளை 1957லும் எடுத்துக்கொண்டது, எனவே அந்தப் பெயர்களிலும் இதே சந்தேகம் வரும்.

நம் ஊர் ஹெர்குலிஸ் கதை வேறு. பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1949ல் தொடங்கிய கம்பெனி, அம்பத்தூரில் செய்த வண்டி அது. எங்கள் தெருவில் அதைச் சொந்தக்காரர் வீட்டு வண்டி மாதிரிதான் பேசுவார்கள். இங்கிலாந்தா அம்பத்தூரா என்று ஃபிரேமின் தலையில் உள்ள பட்டயத்தையும் சீட் குழாயின் ஸ்டிக்கரையும் பார்த்தால் தெரியும். எதுவாக இருந்தாலும் பெயரை நம்பாமல் மரையை எண்ணுங்கள், ஐம்பது அறுபது வருடத்தில் ஃபோர்க்கை யாராவது மாற்றியிருக்கலாம்.

26 மரை என்று ஆகிவிட்டது. இப்போது எங்கே போவது?

முதல் பதில், போகவே வேண்டாம். மரை உள்ள பாகங்கள் இரண்டுதான், திருகு ரேஸும் லாக் நட்டும். பழைய இரண்டையும் சுத்தம் செய்து வைத்துக்கொண்டு, மரை இல்லாத மற்றதை மட்டும் மாற்றுங்கள்.

லாக் நட்டு மட்டும் போய்விட்டது என்றால் லேத்தில் கடைந்து வாங்கலாம். 26 மரை வெட்டுவது லேத்துக்காரருக்குப் பெரிய விஷயம் இல்லை, பல்சக்கரத்தை மாற்றிப் போட்டுக்கொள்வார். ஆனால் ரேஸையோ கப்பையோ சாதா இரும்பில் கடைந்து வாங்காதீர்கள். குண்டு ஓடும் பரப்பு கடினப்படுத்திய இரும்பாக இருக்க வேண்டும், பச்சை இரும்பு என்றால் சில மாதத்திலேயே குழி விழும். ரேஸும் போய்விட்டதென்றால் செத்துப்போன இன்னொரு ராலியிலிருந்துதான் எடுக்க வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் முழு வண்டியும், சில நேரம் வெறும் ஃபோர்க்கும் வரும். கடைக்காரர் அதைக் கலைப்பொருள் விலைக்குத்தான் சொல்வார், பேரம் பேசிக் குறைக்க வேண்டியது உங்கள் சாமர்த்தியம்.

தண்டிலேயே 26 மேல் 24 மரையை வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். இருக்கிற மரையில் பாதியைச் சீவிவிட்டு மீதியில் நட்டைத் தொங்க விடுகிற வேலை அது.

எந்த வரிசையில் கழற்றுவது?

முன் சக்கரம், ராடு பிரேக்கின் முன் கம்பியும் லாடமும் (பிரேக் கட்டைகளைத் தாங்கும் வளைவு), தடையாக இருந்தால் மட்கார்டு. பிறகு ஹேண்டில்பார் நடுவில் உள்ள போல்ட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, தலையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டு. உள்ளே ஆப்பு மாதிரி இறுகியிருக்கும் கூம்பு கீழே விழும், ஹேண்டில்பார் மேலே வந்துவிடும். முழுக்கக் கழற்றிவிட்டுத் தட்டாதீர்கள், தட்டுவதற்குத் தலையே இருக்காது.

அடுத்து லாக் நட்டு, வாஷர், விளக்குக் கொக்கி, திருகு ரேஸ். இதற்குப் பைப் ரிஞ்ச் எடுக்காதீர்கள், குரோமில் பல் பதிந்தால் ஆயுசுக்கும் போகாது. அகலமான ஸ்க்ரூ ஸ்பானரைத் துணி சுற்றி வைத்து, ஆடாமல் இறுக்கிக்கொண்டு திருப்புங்கள். லாக் நட்டே இல்லாமல் மேலே ஒரு பட்டை வளையமும் பக்கவாட்டில் ஒரு போல்ட்டும் இருந்தால் பயப்படாதீர்கள், சில பழைய ஆங்கில வண்டிகளில் அந்த வளையம்தான் பூட்டு. போல்ட்டைத் தளர்த்தினால் போதும்.

ஃபோர்க் கீழே இறங்கும்போது குண்டுகள் கொட்டும். அடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வையுங்கள். நான் முதல் தடவை முகப்பில் உட்கார்ந்து கழற்றினேன், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, எண்ணெய் தேய்த்துத் துடைத்த வழவழப்பு, குண்டுகள் நாலாபுறமும் ஓடின. அப்பத்தா கூடச் சேர்ந்து தேடியும் மூன்று கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒன்று கிடைத்தது.

ஹேண்டில்பார் துருப்பிடித்து வரவே மாட்டேன் என்கிறது.

துரு இளக்கும் எண்ணெயை மேலிருந்து விடுங்கள், அப்புறம் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஃபோர்க்கின் அடித் துளை வழியாகவும் விடுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில் தட்டுங்கள். வரவில்லையா, மறுபடி விடுங்கள். என் வண்டிக்கு ஐந்து நாள் ஆனது. சக்கரத்தைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை முறுக்குவது பலரும் செய்வதுதான், ஆனால் இறுகிக் கிடக்கும்போது பலமாக முறுக்கினால் ஃபோர்க் காலே கோணிப்போகும்.

கப்பைக் கழற்றவும் இறக்கவும் தனி டூல் வேண்டுமா?

கழற்ற ஒரு நீளமான கம்பி போதும். ஒரு வாய் வழியாக உள்ளே விட்டு எதிர் வாயில் உள்ள கப்பின் உள்விளிம்பில் வைத்து, இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் கப்பு சாய்ந்து குழாயின் வாயை முட்டை வடிவமாக்கிவிடும்.

இறக்கும்போது சுத்தியலை மறந்துவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் அரை அங்குலத் திரெட் ராடு ஒரு அடி, அதற்கு இரண்டு நட்டு, கனமான பெரிய வாஷர் நான்கு. குழாய்க்குள் ராடை விட்டு, ஒரு பக்கம் கப்பு, மறுபக்கம் மரக்கட்டை, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து நட்டை மெதுவாக இறுக்கினால் கப்பு நேராக இறங்கும். ஒரு நேரத்தில் ஒரு கப்பு மட்டும். இறங்குவதற்கு முன்னால் குழாயின் உள்வாயில் பெயிண்ட், துரு எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

அடி ரேஸுக்கு மட்டும் தட்டித்தான் ஆக வேண்டும். ஃபோர்க் தண்டு உள்ளே நுழையும் அளவுக்கு ஒரு இரும்புக் குழாயை வெட்டி, ரேஸின் உள்விளிம்பில் மட்டும் படும்படி வைத்துத் தட்டுங்கள், குண்டு ஓடும் பரப்பில் படவே கூடாது. ரேஸ் தோளில் முழுக்க உட்கார்ந்ததும் சத்தம் மாறும், காதே சொல்லிவிடும்.

புதுக் கப்பு லூசாக இருக்கிறது. அடி ரேஸ் இறங்கவே மாட்டேன் என்கிறது. எது கோளாறு?

கோளாறு இல்லை, அளவு வேறு. இப்போது கிடைக்கும் ஒரு அங்குல செட்டுகளிலேயே இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் கப்பின் வெளிவிட்டம் 30.2 மில்லிமீட்டர், அடி ரேஸின் உள்விட்டம் 26.4. ஜப்பான் அளவில் கப்பு 30.0, ரேஸ் 27.0. பழைய வண்டிகள் இந்த இரண்டிலும் சேராமல் போவதும் உண்டு. எனவே வெர்னியர் அளவுகோல் வைத்துப் பழைய கப்பின் வெளிவிட்டத்தையும் ஃபோர்க் தோளின் விட்டத்தையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், பழைய சாமானையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உட்காரும் இடத்தை விடக் கப்பு ஒரு தலைமுடி அளவு பெரிதாக இருக்க வேண்டும், கையாலேயே நுழைந்தால் அது ஆடும். மிக லேசான தொளதொளப்புக்கு மெல்லிய பித்தளைத் தகடு சுற்றி இறக்கலாம், நான் செய்திருக்கிறேன். அடி ரேஸ் சின்னதாக இருந்தால் அரத்தை எடுத்துத் தோளைத் தேய்க்காதீர்கள், சரியான ரேஸைத் தேடுங்கள்.

குண்டு என்ன சைஸ், எத்தனை போடுவது?

பெரும்பாலும் 5/32 அங்குலம், அதாவது 3.97 மில்லிமீட்டர். சில வண்டிகளில் 3/16, அது 4.76. பழைய குண்டு நாலைந்தை எடுத்து அளந்து, அதில் பெரியதை வைத்து முடிவு செய்யுங்கள், தேய்ந்தது சின்னதாகக் காட்டும். எண்ணிக்கைக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம்: கப்பில் கிரீஸ் தடவிக் குண்டுகளை வட்டமாக ஒட்டிக்கொண்டே வாருங்கள், நிரம்பியதும் ஒன்றை எடுத்துவிடுங்கள். பழசையும் புதுசையும் கலக்காதீர்கள், புதுசு பெரிதாக இருப்பதால் பாரம் முழுவதும் அதன் தலையில்தான் விழும்.

கூண்டோடு போடுகிறவர்கள், கிரீஸ் போடுவதற்கு முன் இரண்டு பக்கமும் மாற்றி வைத்துத் திருப்பிப் பாருங்கள். தலைகீழாக இருந்தால் கூண்டின் தகடு உரசி 'கரகர' என்கும்.

என்ன கிரீஸ்?

சாதாரண லித்தியம் பேரிங் கிரீஸ். தேங்காய் எண்ணெய், வண்டியில் வடித்த பழைய ஆயில் எதுவும் வேண்டாம். கழுவ டீசல் போதும். நம்மூர்ச் செம்மண் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: வெளியே வழியும் கிரீஸில் அந்தப் புழுதி ஒட்டி அரைக்கும் பசையாகிக் கப்புக்குள்ளே போய்விடும். பூட்டி முடித்ததும் வெளியில் துளி இல்லாமல் துடைத்துவிடுங்கள். தினமும் ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஓவராயில் செய்துவிட்டால் நல்லது.

எவ்வளவு டைட் வைப்பது?

திருகு ரேஸைக் கையால் குண்டில் முட்டும்வரை இறக்கி, அரைக்கால் சுற்று பின்னால் எடுங்கள். வாஷரின் நாக்கு தண்டின் பள்ளத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரேஸை ஒரு ஸ்பானரில் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ரேஸும் கொஞ்சம் அமுங்கும், அதற்குத்தான் அந்த அரைக்கால் சுற்று. இப்போது முன் பக்கத்தைத் தூக்கினால் ஹேண்டில்பார் தன் பாரத்திலேயே இரண்டு பக்கமும் சாய வேண்டும், விரலில் ஆட்டம் தெரியக் கூடாது. ஒரே தடவையில் யாருக்கும் வராது. எனக்கு இப்போதும் மூன்று தடவை ஆகிறது. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஒரு தடவை பாருங்கள், புதுக் கப்புகள் கொஞ்சம் அமர்ந்திருக்கும்.

எல்லாம் பூட்டியாயிற்று, லாக் நட்டுக்கு மரை போதவில்லை.

புது செட் பழசை விட உயரம். விளக்குக் கொக்கியை எடுத்துவிட்டால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும். அப்படியும் நட்டு நான்கைந்து மரையாவது பிடிக்கவில்லை என்றால் அந்த செட் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாறாக மரை மிஞ்சினால் பிரச்சினையே இல்லை, நடுவில் வாஷர் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய கப்புக்கு மறுபடி குரோம் போட்டுப் பளபளப்பாக்கலாமா?

வெளியில் தெரியும் லாக் நட்டுக்குப் போடலாம், மரையை மெழுகு வைத்து அடைத்துவிடச் சொல்லுங்கள். கப்பும் ரேஸும் குண்டு ஓடும் இடத்தில் பூச்சு வாங்கக் கூடாது, உதிர்ந்தால் அதுவே மணல் மாதிரி அரைக்கும். உலோகம் அரிப்பதையும் பூச்சுப் போடுவதையும் ஆராய்கிற, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது, நாமோ பக்கத்திலேயே துருப்பிடித்த சைக்கிளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் வீட்டில் இதை ஒரு நகைச்சுவையாகவே சொல்வோம்.

கழற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடையில் போடலாமா?

24 மரை என்றால் தாராளமாக. 26 மரைத் திருகு ரேஸோ நட்டோ என்றால், தேய்ந்துபோயிருந்தாலும் ஒரு டப்பாவில் போட்டு மேலே எழுதி வையுங்கள், லேத்துக்காரருக்கு மாதிரி காட்ட ஆகும். உங்களுக்குத் தேவையில்லை என்றால் எனக்குக் கொடுங்கள். நான் அழித்த மரைக்கு இன்னும் சரியான ஃபோர்க் கிடைக்கவில்லை, ஐயாவின் வண்டி இப்போது கடன் வாங்கிய ஃபோர்க்கில்தான் ஓடுகிறது.